வலைக் கூடாரம்: ஒன்ராறியோவில் காம்பிங் போகிற குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதத்து விக்ரோரியா தின வார இறுதியில்தான் நாங்கள் முதன்முதலாக அல்கோன்குவின் பூங்காவுக்குப் போனோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமி இரண்டு நாளும் வான் வண்டியை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தா. மகளுக்குக் காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில் இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. கறுப்பு ஈ கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அடுத்த வருசம் ஒரு வலைக் கூடாரம் வாங்கினோம். அதே பூங்காவில், அதே மாதத்தில், மாமி மேசையில் இருந்து சம்பலுக்கு வெங்காயம் உரித்தா. அன்றிலிருந்து சொந்தக்காரரும் நண்பர்களும் இந்தக் கூடாரம் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வலைக் கூடாரம் என்றால் என்ன? படுக்கிற கூடாரம் போதாதா?

மேலே துணிக் கூரை, சுற்றிவர வலைச் சுவர், பெரும்பாலும் அடித்தளம் கிடையாது. பிக்னிக் மேசைக்கு மேலே கவிழ்த்து வைத்து, உள்ளே இருந்து சாப்பிடவும் கதைக்கவும் கடதாசி விளையாடவும்தான் இது. படுக்கிற கூடாரத்துக்குள் ஆறு பேர் நிமிர்ந்து இருந்து சோறு சாப்பிட முடியாது. காம்பிங் போனால் பகலில் பாதி நேரம் மேசையில்தான் போகிறது. அந்த நேரத்தைப் பூச்சிக்கு விட்டுக்கொடுத்தால் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் அடுத்த முறை வரமாட்டார்கள்.

எந்த மாதத்தில் எது கடிக்கும்?

இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈயின் காலம். எங்கட ஆக்கள் பிளாக் ஃப்ளை என்றே சொல்வார்கள். ஓடுகிற தண்ணீரில்தான் அது பெருகும். ஆகவே நீர்வீழ்ச்சிக்கும் விரைந்தோடும் ஆற்றுக்கும் பக்கத்தில் உள்ள சைட்டை (கூடாரம் போடுகிற இடத்தை) மே மாதத்தில் எடுக்காதீர்கள். அது பகலில் கடிக்கும், இருட்டினால் ஓய்ந்துவிடும். கடும் நிற உடுப்பைத் தேடி வரும், சட்டைக் கைக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் ஊர்ந்து போகும். ஒரு விசித்திரம் உண்டு. கூடாரத்துக்குள் வந்து அகப்பட்டுக்கொண்டால் பெரும்பாலும் கடிக்காது, வெளிச்சத்தைத் தேடி வலையிலும் கூரையிலும் ஏறி வெளியே போகப் பார்க்கும். அதனால்தான் மே மாதத்தில் இந்தக் கூடாரம் இவ்வளவு நிம்மதி தருகிறது.

மே கடைசியிலிருந்து ஜூலை முழுக்க நுளம்பு. பொழுதுபடும் நேரம்தான் மோசம். ஜூன் நடுவிலிருந்து மான் ஈயும் குதிரை ஈயும் வந்து தலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். வெக்கையான பின்னேரங்களில் நோ-சீ-அம் என்கிற மிகச் சின்னக் கடியன் வரும். நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர்தான், கடித்த பிறகுதான் வந்திருப்பதே தெரியும். ஓகஸ்ட் கடைசியில் கடியன்கள் குறைய, குளவிகள் இனிப்புத் தேடி வரும். செப்ரெம்பர் தொடக்கத்தில் வருகிற தொழிலாளர் தின வார இறுதியில் பழரசப் போத்தலைத் திறந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் குளவி உள்ளே இறங்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நுளம்பை விட அதுதான் பயம்.

என்னென்ன வகை இருக்கிறது? எது எங்களுக்குச் சரி?

நான் மூன்று வகையாகப் பிரிப்பேன்.

முதலாவது ஹப் வகை. ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு மூட்டு இருக்கும். அதிலிருந்து நான்கு ஃபைபர்கிளாஸ் கம்பிகள் சுவரின் நான்கு மூலைக்கும் ஓடும். வெளியே உள்ள பட்டியைப் பிடித்து இழுத்தால் ‘டக்’ என்று சுவர் விறைத்து நிற்கும். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் குடிலும் இதே முறையில்தான் நிற்கிறது. கிளாம் என்கிற மினசோட்டா நிறுவனம் பனிமீன்பிடிக் குடில்களுக்குப் பெயர் பெற்றது, அதே மூட்டோடு கோடைகால வலைக் கூடாரமும் செய்கிறது. கசெல் இந்த வகை செய்கிற இன்னொரு நிறுவனம். பழகிவிட்டால் இரண்டு பேர் சில நிமிடத்தில் நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, கால்கள் குழாய்க்குள் குழாயாக நீளும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். பின்வளவுக் கொண்டாட்டத்தில் நிற்கிற கனோபிக்கு வலைச் சுவர் போட்டது போல. பை குட்டையாக இருக்கும், ஆனால் பாரம் கூட. சட்டம் விரியும்போது கத்தரி போன்ற இடத்தில் விரல் அகப்படும். பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டு விரியுங்கள்.

மூன்றாவது, கம்பிகளைத் தனித்தனியே கோத்து நிறுத்துவது. விலை மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, நெடுஞ்சாலை 400-இல் நெரிசலில் நின்று, இருட்டில் வந்து சேர்ந்து, நுளம்புக் கடிக்குள் அந்தக் கம்பிகளைக் கோப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். குடும்பத்தோடு வருசத்துக்கு இரண்டு மூன்று முறையாவது போகிறீர்கள் என்றால் சில நூறு டொலர் சேர்த்து ஹப் வகையையே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எவ்வளவு பெரிது வேண்டும்?

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் சாதாரணமாக ஒரு சைட்டில் 6 பேர் வரை தங்கலாம். ஒவ்வொரு சைட்டிலும் மேசையும் நெருப்புக் குழியும் இருக்கும். வாங்கோடு சேர்த்து மேசை ஏறக்குறைய 1.8 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம் வரும். வாங்கில் இருக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நடந்து போக இடம் வேண்டும். ஆகவே தரையில் 3 மீற்றருக்கு 3 மீற்றர் என்பதுதான் மிகக் குறைந்த அளவு. 3.5 என்றால் ஒரு மூலையில் மடிப்புக் கதிரை இரண்டும் போடலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஹப் வகையில் சுவர் நடுவில் வெளியே புடைத்து நிற்கும், அங்கே எடுத்த அளவு தரை அளவை விடக் கூடுதலாகக் காட்டும். ஆறு பக்கக் கூடாரத்தில் மூலைக்கு மூலை எடுத்த அளவு வேறு, பக்கத்துக்குப் பக்கம் எடுத்தது வேறு.

வலை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வீட்டு யன்னல் வலையில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 7 கண் இருக்கும். நுளம்புக்கும் கறுப்பு ஈக்கும் அது போதும், நோ-சீ-அம் அதற்குள்ளால் நுழைந்து வந்துவிடும். கடைக்கு ஒரு சின்ன அடிமட்டம் கொண்டுபோய் வலையின் மேல் வைத்து எண்ணிப் பாருங்கள். 10 கண்ணுக்கு மேல் இருந்தால் நெருக்கமான வலை. நெருக்கமான வலைக்குள் காற்று குறைவாக வரும், ஜூலை மத்தியானத்தில் கொஞ்சம் புழுங்கும். ஏரிக்கரையிலும் சதுப்புப் பக்கத்திலும் தங்குகிறவர்கள் அந்தப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு நெருக்கமானதையே எடுங்கள்.

நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலையில் வெயில் பட்டால் கண் கூசும், வெளியே ஏரி தெரியாது. கறுப்பு வலைக்குள்ளால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

எங்களிடம் நல்ல கூடாரம்தான் இருக்கிறது. பிறகும் உள்ளே பூச்சி வருகிறதே?

அநேகமாக எல்லாருக்கும் இருக்கிற முறைப்பாடு இது. வலையைத் தடவிப் பார்த்து ஓட்டை தேடுவார்கள். ஓட்டை அங்கே இல்லை, காலடியில் இருக்கிறது.

கூடாரத்தின் அடியில் சுற்றிவர ஒரு துணி தொங்கும். நாங்கள் அதைப் பாவாடை என்போம். அது நிலத்தோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். காம்ப்சைட்டின் நிலம் வீட்டு நிலம் போல் சமனாக இருக்காது. ஒரு பக்கம் மரவேர், ஒரு பக்கம் பள்ளம். ஒருமுறை நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். வேர் ஏறி இறங்குகிற இடத்தில் துணிக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று விரல் போகிற இடைவெளி. நுளம்புகள் புல்லிலிருந்து நேரே அதற்குள்ளால் வந்துகொண்டிருந்தன. நாங்கள் மேலே மருந்தடித்துக்கொண்டு இருந்தோம்.

பாவாடையை வெளிப்பக்கமாக விரித்து, சுற்றிவரப் பாரம் வையுங்கள். பூங்காவில் வாங்கின விறகுக் கட்டைகள் அதற்கு அளவெடுத்தது போல இருக்கும். (விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரங்களைக் கொல்லும் வண்டுகள் அதோடு பயணம் போகும்.) பள்ளத்தில் ஒரு பழைய துவாயைச் சுருட்டி அடையுங்கள். பாவாடை குட்டையாக உள்ள கூடாரத்தை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்த வழி கதவு. பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் நாற்பது முறை போய் வருவார்கள். சிப்பை இரண்டு பக்கமும் திறக்கலாமா, இருட்டில் ஒற்றைக் கையால் இழுக்க வருமா என்று கடையிலேயே பாருங்கள். நுழைய முன் உடம்பையும் தொப்பியையும் ஒருமுறை தட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகில் ஏறி வருகிறவைதான் பாதி.

மேசை கதவுக்குள்ளால் போகாது. எப்படி உள்ளே எடுப்பது?

மேசையை எடுக்க வேண்டாம், கூடாரத்தைத் தூக்குங்கள். மேசைக்குப் பக்கத்தில் முழுக்க விரித்து நிறுத்துங்கள். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் அடிக்கம்பியில் பிடித்து, மேசை உயரத்துக்கு மேலே தூக்கி நடந்து போய் இறக்குங்கள். வலையில் பிடித்துத் தூக்கக் கூடாது, தையல் விட்டுவிடும். காற்றுள்ள நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். நாலு பேர் கையிலும் பாய்மரம் போல இழுத்துக்கொண்டு போகும்.

நெருப்புக் குழியிலிருந்து தள்ளி, காற்று வருகிற பக்கத்தில் இடம் பாருங்கள். துணியில் சிபிஏஐ-84 என்ற தீத்தடுப்புக் குறி இருந்தாலும் பறக்கிற பொறி வலையில் ஓட்டை போடும். காய்ந்த கொப்பு தொங்குகிற மரத்துக்குக் கீழே கட்டவே வேண்டாம்.

முளை இறங்குதில்லை. என்ன செய்வது?

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் புல்தரைக்கு மட்டும்தான். இங்கத்தைய சைட்டுகள் பல இறுகின சரளை மண். 25 சென்ரிமீற்றர் நீள இரும்பு ஆணியும் ஒரு சுத்தியலும் வாங்கி அந்தப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள். கில்பெயர் பூங்கா போன்ற இடங்களில் கனடியக் கேடயம் என்கிற பழம்பாறைப் பரப்பு வெளியே தெரியும், அதில் ஆணியும் இறங்காது. அங்கே 20 லீற்றர் தண்ணீர்க் கான்களை மூலைக் கயிற்றில் கட்டுவோம். ஒன்று 20 கிலோ நிற்கும், வெறுமையாக்கி மடித்துக்கொண்டு வரலாம்.

கயிறு கட்டாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். காலையில் காற்று இல்லை, வெயில் நல்லாய் இருக்கிறது, ஏரிக்குக் குளிக்கப் போவார்கள். மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பும். திரும்பி வரும்போது கூடாரம் பக்கத்து சைட்டில் கிடக்கும்.

மழைக்குத் தாங்குமா?

தூறலுக்குத் தாங்கும். சாய்ந்தடிக்கிற மழை வலைக்குள்ளால் நேரே வரும். சில கூடாரங்களுக்குச் சுவரில் மாட்டுகிற மழைத்தட்டிகள் தனியாக விற்பார்கள். மூன்று வாங்கினால் போதும், காற்று வருகிற பக்கத்துக்கு மாற்றி மாற்றிப் போடலாம். கூரைத் தையலால் ஒழுகினால் தையல் அடைக்கிற பசை பூசலாம். நாள் முழுக்க மழை என்றால் மேலே ஒரு தறப்பாளைத் தனியாகக் கட்டுங்கள். கூரையின் மேல் நேரே போட்டால் தண்ணீர் தேங்கிக் கம்பி வளையும்.

காற்று, இடி, மின்னல்?

இடி கேட்டால் வலைக் கூடாரத்தை விட்டுக் காருக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரவேண்டாம். எந்தக் கூடாரமும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை.

2022 மே 21-ஐ இங்கே பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதுவும் விக்ரோரியா தின வார இறுதிச் சனிக்கிழமைதான். தென்மேற்கிலிருந்து ஒட்டாவா வரை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போன புயலில் மரங்கள் விழுந்து ஆட்கள் இறந்தார்கள், முகாமிட்டிருந்தவர்கள் மேலும் மரங்கள் விழுந்தன. கடும் இடிமழை எச்சரிக்கை கைபேசிக்கு வந்தால் கூடாரத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நேரம் இருந்தால் மூட்டுகளை உள்ளே தள்ளிச் சரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உள்ளே வைத்துச் சமைக்கலாமா?

கூடாது. எங்கட சமையலில் எண்ணெய் கொதிக்கும், தாளிக்கும்போது சுவாலை எழும்பும். கூரைத் துணி ஒரு கை தூரத்தில் இருக்கிறது. மழைத்தட்டி போட்டிருந்தால் காபன் மொனொக்சைட் வேறு, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கரியடுப்பை, அணைந்தது போல இருந்தாலும், குளிருக்கென்று உள்ளே எடுக்கவே கூடாது.

அடுப்பை வெளியே மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். வெட்டுவது, பிசைவது, பரிமாறுவது உள்ளே. மாமி புட்டுக்கு மா குழைப்பதும் உள்ளே, அவிப்பது மட்டும் வெளியே நான்.

சாப்பாட்டுச் சாமானை இரவில் உள்ளேயே விடலாமா?

ஒரு பொருளும் விடாதீர்கள். ஒருமுறை முறுக்குப் பை ஒன்றை மேசையில் விட்டுப் படுத்தோம். காலையில் வலையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், மேசை முழுக்கச் சின்னக் கைத்தடம். ரக்கூன். அது கரடியாக இருந்திருந்தால் என்று நினைத்து அன்று முழுக்க எனக்கு நெஞ்சு பதறியது. அல்கோன்குவினில் கருங்கரடிகள் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு ஒருமுறை பழகின கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். எங்கட கறி மணம் தூரம் போகும். சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரம், எண்ணெய், குப்பை, பற்பசை கூட வாகனத்துக்குள். சிந்தின கறியை உடனே துடையுங்கள், அந்தத் துணியையும் வாகனத்துக்குள் வையுங்கள்.

பிள்ளைகள் அதற்குள் படுக்க ஆசைப்படுகிறார்கள்.

பகலில் பாய் போட்டுக் குழந்தையைக் கண்ணெதிரே தூங்க வைக்கலாம். இரவில் வேண்டாம். அடித்தளம் இல்லை, புல்லில் உண்ணி இருக்கும். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், வலைச் சுவர் அதை மறிக்காது. முழங்கால் மடிப்பு, அக்குள், முடிக்குள் என்று நாள்தோறும் தேடிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள். எவ்வளவு கெதியாக எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

உள்ளே நுளம்புத்திரி கொளுத்தலாமா? மருந்து பூசலாமா?

திரி வேண்டாம். நெருப்பும் புகையும் துணிக்குள்ளே எதற்கு? வெளியே, கதவடியில் வைக்கலாம்.

டீற் என்கிற பூச்சிவிரட்டி மருந்துக்குக் கனடா சுகாதாரத் துறையின் அளவு இது: பெரியவர்களுக்கு 30 சதவீதம் வரை. 2 முதல் 12 வயது வரை 10 சதவீதம், நாளுக்கு மூன்று தரத்துக்கு மேல் இல்லை. 6 மாதத்திலிருந்து 2 வயது வரை 10 சதவீதம், நாளுக்கு ஒரு தரம். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசவே கூடாது. அப்படிப்பட்ட கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் இந்தக் கூடாரம் மிக மிகத் தேவை. டீற் தெளிவான பிளாஸ்ரிக்கையும் மூக்குக் கண்ணாடியையும் மங்கச் செய்யும். கூடாரத்துக்கு வெளியே நின்று பூசி, உள்ளங்கையைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

விளக்கு மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளை வெளிச்சம்தான் பூச்சியைக் கூப்பிடும்.

காருக்குள் போகுமா?

ஹப் வகையின் பை மெல்லியது, ஆனால் நீளம் 1.9 மீற்றர் வரை வரும். வான் வண்டியில் நடுவால் படுக்கப் போடலாம். சின்னக் காரில் பின் இருக்கையை மடித்துக் குறுக்காக வைக்க வேண்டும், அப்படியென்றால் பின்னால் ஒரு ஆளுக்கு இடம் போய்விடும். வாங்க முன் மீற்றர் நாடாவை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போங்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், விற்கிறவரின் வளவில் முழுக்க விரித்துக் காட்டினால் மட்டும். உள்ளே போய் நின்று சூரியனைப் பார்த்து அண்ணாருங்கள். கூரையில் ஊசித்துளைகள் நட்சத்திரம் போலத் தெரிந்தால் வெயில் துணியைத் தின்றுவிட்டது. மூலைகளில் கம்பி செருகியிருக்கும் பைத்தையலை விரலால் இழுத்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், பூஞ்சண மணம் பிறகு போகாது.

மடிப்பதும் பாதுகாப்பதும்?

நிறுத்துகிற ஒழுங்கு கூடாரத்துக்குக் கூடாரம் மாறும். சிலதில் கூரை முதல், சிலதில் சுவர் முதல். தாளில் உள்ளபடி செய்யுங்கள், மடிக்கும்போது அதைத் தலைகீழாக. மூட்டை உள்ளங்கையால் தள்ளுங்கள், கம்பியைப் பிடித்து வளைக்காதீர்கள். எங்கட முதல் கம்பி முறிந்தது அப்படித்தான், குளிர்ந்த ஒரு செப்ரெம்பர் காலையில். முறிந்த ஃபைபர்கிளாஸைக் கையுறை போட்டுத் தொடுங்கள், கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஏறும். ஒரு சின்னக் குழாயை மேலே செருகி டக்ற் ரேப் சுற்றினால் அந்தப் பயணம் ஒப்பேறும். புதுக் கம்பி பிறகு வாங்கலாம்.

பூங்காவில் பிற்பகல் 2 மணிக்குள் சைட்டை விட வேண்டும். சில வேளை ஈரம் காய முன்னம் மடிக்கத்தான் வரும். பரவாயில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பின்வளவிலோ கராஜிலோ விரித்துக் காயவிடுங்கள். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் பல்கனிக் கம்பியில் பாதி பாதியாகப் போடலாம். சிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். வலைக் கிழிசலுக்கு ஒட்டுத்துண்டு விற்கிறார்கள். ரக்கூன் கிழித்ததை மாமி கறுப்பு நூலால் தைத்துத் தந்தா. ஐந்து வருசமாக அந்தத் தையல் அப்படியே நிற்கிறது.